இடக்கண்ணுக்கு மட்டும்

டிரெஸ்டனில் மூன்றாம் மாடி, பசை நாற்றம்.
ஒரே அட்டையில் இரண்டு எல்பே ஆறு ஒட்டுவது என் வேலை.
ஜோடிக்கு அரைக்காசு.
கோணினால் அதுவும் இல்லை.

டிரௌகோட்டிடம் லென்ஸ் ஒன்றுதான்.
ஒரு தகடு எடுத்ததும்
பெட்டியை மூன்று விரல் நகர்த்தி மறு தகடு.
அதுவரை பாறைகள் பொறுத்துக்கொள்ளும்.
ஆறு பொறுக்காது,
இரண்டிலும் வடித்த கஞ்சியாய் வெளுத்துக் கிடக்கும்.

நேற்று வந்த ஜோடியில்
இடப்பக்கம், கரைக்கல்லின்மேல் ஒரு தெப்பக்காரன்,
தொப்பியை முழங்காலில் கவிழ்த்து.
வலப்பக்கம் கல் மட்டும்.

கருவியில் வைத்துப் பார்த்தேன்.
மணற்பாறைத் தூண்கள் மூக்கில் இடிக்க முன்னே வந்தன.
அவன் மட்டும் மினுங்கினான்,
இருப்பதா போவதா என்று.
ஒரு கண்ணுக்கு வெண்ணெய், மறு கண்ணுக்குச் சுண்ணாம்பு.

"கழித்துப் போடு, ஹெட்விக்."
போட்டேன், என் மேலங்கிப் பைக்குள்.

என்ன அவசரமோ அவனுக்கு.
தெப்பம் அவிழ்ந்திருக்கும்.
மூத்திரம் முட்டியிருக்கும்.
அசையாதே என்று யாரோ சொன்னது பிடிக்காமலும் இருக்கலாம்.

இரவு விளக்கடியில்
வலக்கண்ணைப் பொத்தினேன்: உட்கார்ந்திருந்தான்.
கை மாற்றினேன்.
பனி நனைத்த கருங்கல்லில்
ஓர் ஆள் அகலத்துக்கு
ஈரமில்லை.