நிறுத்தல்

லியபாயாவில் நவம்பர். நாலரைக்கே இருட்டிவிட்டது.
ட்ராம் வளையும்போது சன்னல் கண்ணாடி
ஒருமுறை நடுங்கி அடங்கும்.
எதிரே இல்மார்ஸ், ரொட்டிக்கடைக்காரர்.
விரலிடுக்கில் காய்ந்த மாவு.
நடுவே என் தாள்: இருபது கேள்விகள்,
ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் ஐந்து வரை.

நினைத்ததைவிட அதிக நேரம்
இணையத்தில் இருந்துவிடுகிறீர்களா?
"நினைப்பதே இல்லை" என்றார்.
அதற்கு எண் கிடையாது. ஐந்து போட்டேன்.

உறக்கம் கெடுகிறதா?
"இரண்டு மணிக்கு எழுகிறவன் நான்,
கெடுவதற்கு என்ன இருக்கிறது?"
மூன்று.

வேலை பாதிக்கப்படுகிறதா?
செப்டம்பரில் நாற்பது கறுப்பு ரொட்டி கருகியது.
அக்டோபரில் ஒருநாள் உப்பே போடவில்லை.
வாங்கிப் போனவர்களில் ஒருவர்கூட
திரும்பி வந்து திட்டவில்லை,
அதுதான் உறுத்துகிறது என்றார்.
நான்கு.

சூதாட்டம் என்றுதான் எண்ணியிருந்தேன்,
இல்லையென்றால் பெண்கள்,
இல்லையென்றால் போர்ச்செய்தி.
இந்த நாற்காலியில் இவைதான் மாறிமாறி வந்து உட்காரும்.
இவர் பார்ப்பது ஒரு கூடு.
பைன் மர உச்சியில் கடற்கழுகின் கூடு,
பக்கத்துக் கிளையில் யாரோ கட்டிவைத்த கேமரா,
இரவும் பகலும் நேரலை.
குஞ்சுகள் ஜூலையிலேயே பறந்துவிட்டன.
இப்போது அங்கே சுள்ளிகள், ஒரு மீன்முள், மழை.
இதை நாளுக்கு ஒன்பது மணி நேரம்.

எதற்காகக் காத்திருக்கிறீர்கள்?
(இது தாளில் இல்லாத கேள்வி.)
"காத்திருக்கவில்லை.
அங்கே யாரும் என்னை எதுவும் கேட்பதில்லை."

அந்தக் காடு பேருந்தில் ஒரு மணி நேரம்.
ஒருமுறையாவது போனீர்களா?
"போய்? கீழே நின்றால் மரத்தின் அடிப்பாகம் தெரியும்."

பக்கத்து அறையில் அவர் மனைவி வெல்காவிடம் இதே தாள்.
கட்டங்களைத் தொடவில்லை.
ஓரத்தில் பென்சிலால் இரண்டே வரி:
கூட்டில் பனி விழுந்தால்
நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிடுகிறார்.
மார்ச்சில் எனக்கு நிமோனியா.
ஓரத்தில் எழுதியதற்கு மதிப்பெண் இல்லை.
மடித்துக் கோப்பில் வைத்தேன்,
பிறகு எடுத்து விரித்து வைத்தேன்.

பதினான்காவது கேள்விக்கு முன்னால் அவர் சொன்னார்:
"உங்கள் இழுப்பறை மூன்று தடவை அதிர்ந்தது.
இரண்டு தடவை பார்த்தீர்கள்.
மூன்றாவது தடவை பார்க்காமலிருக்கப் பாடுபட்டீர்கள்.
அதற்கு எத்தனை?"
கேலியாகச் சொல்லவில்லை.
பதினான்கைத் தாண்டிப் பதினைந்தை வாசித்தேன்.
அது இன்னும் வெற்றாகவே கிடக்கிறது.

நிறுத்திப் பார்த்தீர்களா?
"நிறுத்துப் பார்த்தேன்.
ஒரு ஞாயிற்றுக்கிழமை, அடுப்பு மூட்டும் முன்னால்,
மாவுத் தராசில் கொண்டுபோய் வைத்தேன்.
நூற்றுத் தொண்ணூறு கிராம்.
மூன்று பன்னுக்கான மாவு.
இவ்வளவுதானா என்று இருந்தது."
பிறகு?
"பிறகு தராசு வேண்டியிருந்தது. எடுத்துவிட்டேன்."

கூட்டினேன். அறுபத்தெட்டு.
"இன்னொரு தடவை" என்றார்,
"மாவை நாங்கள் இரண்டு தடவை நிறுப்போம்."
எழுபத்தொன்று வந்தது.
எழுபதுக்கு மேல் என்றால் கணிசமான பாதிப்பு
என்கிறது தாளின் அடிக்குறிப்பு.
அடுத்த வியாழன், பிற்பகல் மூன்று, அதே அறை.
தன் தப்பைக் கண்டுபிடித்துக் கொடுத்தவர்போல்
அவர் தலையசைத்தார்.
வெட்கம் எனக்குத்தான், மூன்று எண்ணை விட்டிருந்தேன்.

சன்னலிலிருந்து பார்த்தேன்.
கடற்காற்றில் வெல்காவின் தலைத்துணி அவிழ்ந்து பறந்தது,
அவள் ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னாள்.
அவர் கை கோட்டுப் பைக்குள் போனது.
கையுறையா, அதுவா
என்று பார்ப்பதற்குள்
ட்ராம் குறுக்கே வந்து நின்றது.