மூன்றாம் அறை

கல்முனை ஆஸ்பத்திரி, வியாழன்.
தட்டில் உப்புத்தாள், வெல்வெட் துண்டு,
முள்ளுப் பந்து, ஐஸ்பழக் குச்சி.

நுஸ்லா மிஸ் விரலால்
என் மகனின் உதடுகளைச் சேர்க்கிறார், விடுகிறார்.
உள்ளங்கையில் பஞ்சு. பறக்கவில்லை.

சூடையா கீரியா, எல்லாம் தெரியும் அவனுக்கு.
வாப்பாவின் மோட்டார்சைக்கிளைத்
தெருமுனையிலேயே கண்டுபிடிப்பான்.
தெரிந்ததற்கும் வாய்க்கும் நடுவேதான்
கல்லாற்று ஆத்துவாய் போல:
நேற்று வெட்டித் திறந்த இடத்தில்
இன்று மணல்.

உப்புத்தாளில் விரல் இழுத்து ‘ஸ்’.
என் தொண்டையில் அவன் கை, ‘ம்’.
பஸ்ஸில் ஒருத்தி கேட்டாள்,
‘புள்ள ஊமையா?’

பதினாறாம் வாரம்
முள்ளுப் பந்தைத் திருப்பிக் கேட்டார் மிஸ்.
தன் விரலாலேயே உதட்டை அழுத்தினான்.
பஞ்சு இல்லாமலே காற்று வெடித்தது:
‘போ.’

மரியாதை கெட்ட சொல்.
மிஸ் ஃபைலில் எழுதினார்.
அதட்ட எனக்குத்தான்
வாய் வரவில்லை.