பச்சை மையில் மூன்று வட்டங்கள்

பனிக்காலக் காலணிப் பெட்டியில்தான்
முதல் சீட்டு கிடைத்தது.
கஜகஸ்தானில் யாரோ இருவர் ஆடிய மேசைப்பந்து,
நம்மூர் நேரப்படி இரவு மூன்று மணி.
அவர்கள் பெயரைக்கூட உன்னால் உச்சரிக்க முடியாது, பிரானிமிர்.

முப்பத்தொரு வருஷம்
சாவா ஆற்றைத் தாண்டி மிஹாலியேவாட்ஸ் வரை
பதினான்காம் எண் டிராம் ஓட்டியவன் நீ.
ஸாக்ரெபில் தெருவுக்கு ஒரு பந்தயக் கடை.
ஒன்றிலும் சில்லறை மாற்றக்கூட நுழைந்ததில்லை.

முதலில் போனது கால்தான்.
சமையலறை வாசலில் பசை தடவியதுபோல் நின்றாய்.
நான் சூப்பை மூன்று முறை சூடாக்கினேன்.
அப்புறம் அந்த மாத்திரை.
இரண்டே வாரத்தில் மாடிப்படி ஏறினாய், சீட்டியடித்துக்கொண்டே.
மாதாகோயிலில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்தேன்.

கூரை ஓடு மாற்ற வைத்திருந்த ஒன்பதாயிரம் யூரோ
சீட்டியடித்துக்கொண்டே போயிருந்தது.

டாக்டர் துப்ராவ்கா மருந்துச் சீட்டின் பின்புறம்
பச்சை மையில் வட்டம் போட்டாள்.
"டோபமின் ஒன்றுதான், நேவென்கா.
கேட்கிற காதுகள் வேறு வேறு.
இது டி ஒன்று. டோபமின் வந்தால் 'போ' என்கும்.
இது டி இரண்டு. 'நில்' என்று கத்துகிற நரம்பின்
வாயைப் பொத்தும்.
இரண்டும் சேர்ந்தால்தான் ஓர் அடி."

டோலாட்ஸ் சந்தையில் பாலாடைக்கட்டி நிறுக்கிறவள் நான்.
"தராசு மாதிரியா?" என்றேன்.
"தராசில் தட்டுகள் ஒன்றையொன்று தொடாது.
இவை தொடும்.
சில இடங்களில் ஒரே செல்லின் தோலில்
இரண்டு வகை ஒட்டி உட்கார்ந்து,
தனித்தனியே சொல்லாத ஒன்றைச்
சேர்ந்து சொல்லும்."
"என்ன சொல்லும்?"
பேனாவை மூடினாள், திறந்தாள்.
"முழுதாகத் தெரியாது."
அந்த ஒரு வார்த்தைக்காக அவளை நம்பினேன்.

மூன்றாவது வட்டம் சின்னது, கொஞ்சம் தள்ளி,
ஆசை குடியிருக்கிற பக்கம்.
மாத்திரை தேடிப் போனது இரண்டாமதை.
அதைவிட இறுக்கமாகப் பிடித்துக்கொண்டது மூன்றாமதை.
உன் கால்களுக்கு எழுதிய கடிதத்தைப்
பக்கத்து வீட்டில் பிரித்துப் படித்திருக்கிறார்கள்.

திட்டுவதற்கு எனக்கு ஒரு முகம் வேண்டும்.
ஓர் எழுத்தையும் ஓர் எண்ணையும்
எப்படித் திட்டுவது?
பொய் சொன்ன வாய் உன்னுடையது.
என் நகைப்பெட்டியின் பூட்டை நெம்பிய விரல் உன்னுடையது.
அன்றிரவு விளக்கை அணைத்த பிறகு சொன்னாய்:
"ஆசை மாதிரி இல்லை, நேவா.
ஒவ்வொரு வாசலும் திறந்தே இருந்த மாதிரி."

அளவைக் குறைத்தாள், வாரத்துக்கு ஒரு துளி.
சீட்டுகள் நின்றன. நீயும் நின்றாய்.
கூடம் நெடுக மஞ்சள் நாடா ஒட்டினேன்,
தண்டவாளக் கட்டைகள்போல் குறுக்கும் குறுக்குமாக.
கோடு தெரிந்தால் கால் தாண்டுகிறது,
ஏனென்று கேட்காதே.
ஒவ்வொரு கோட்டிலும் ஒரு நிறுத்தத்தின் பெயரை முணுமுணுக்கிறாய்.
குளியலறை வருவதற்குள் ஊரைப் பாதி சுற்றிவிடுகிறோம்.

நேற்று இலிட்ஸா தெருவில் ரொட்டி வாங்கப் போனோம்.
ரொட்டிக் கடை வாசலில் ஒட்டிக்கொண்டாய்.
மருந்துக் கடை வாசலில் ஒட்டிக்கொண்டாய்.
பின்னால் ஒரு பையன் நாக்கைச் சப்புக்கொட்டினான்.

பந்தயக் கடை வந்தது.
கோடு இல்லை, நாடா இல்லை.
என் கையை உதறாமலே
இடக்கால், வலக்கால், இடக்கால்,
தோள் நிமிர்ந்து, இருபத்தைந்து வயதில்
என்னைப் பார்க்க டிராம் பணிமனையிலிருந்து வந்தவனைப்போல்.

உள்ளே நுழைந்தாயா, கடந்து போனாயா என்பதை
டாக்டரிடம் சொல்லிக்கொள்கிறேன்.
இங்கே இதை மட்டும் எழுதிவைக்கிறேன்:

எவ்வளவு அழகாக நடந்தாய்.