தொட்டுக்கொள்ள

ஃபுட்பால் கிளப் பரிசளிப்புக்கு எழுபது பேர்.
ஆட்டுக்கறி நவநீதம் அண்ணன் பொறுப்பு.
எனக்கு விழுந்தது உருளைக்கிழங்கு.

சாட்ஸ்வர்த் பங்களாதேஷ் சந்தையில் இரண்டு மூட்டை.
பஸ் டிரைவர் பார்த்துவிட்டு
'கடை வைக்கிறியா?' என்றான்.

தோல் சீவவில்லை. கழுவினேன், அவ்வளவுதான்.
வெண்ணெய், பூண்டு, தைம்.
பேச்சு மும்முரத்தில் உப்பு இரண்டு தடவை விழுந்தது;
கிழங்கு தாங்கும் என்று விட்டுவிட்டேன்.

ஸ்லோ குக்கர் மூன்று:
என்னுடையது, மோகினியுடையது,
ஆஸ்பத்திரியில் என்னோடு நைட் டியூட்டி பார்க்கும்
குகு கொடுத்தது. அதற்கு மூடி மட்டும் பொருந்தாது,
தட்டு கவிழ்த்தேன்.

ஆறு மணிக்கு 'லோ'வில் வைத்தேன்.
ஒன்பதே காலுக்குக் கரண்ட் போனது.
அட்டவணையில் இன்று எங்கள் முறையே இல்லை!
ஃபோன் போட்டால்
வரிசையில் நாற்பத்திரண்டாவது ஆள் நான்.

பிரகலாதன் ஒன்றும் பேசாமல்
கட்டிலில் இருந்த கம்பளி எல்லாம் உருவிவந்தான்.
குளிர்காய்ச்சல்காரர் மூவரைப் போல
மூன்றையும் சுற்றி இறுக்கிக் கட்டினோம்.
'திறந்து பார்க்காதே' என்றான்.
பார்க்காமல் இருப்பதுதான்
அன்றைக்குச் சமையல்,
இரண்டரை மணி நேரம்.

கிழங்குக்கு ஊர் விஷயம் தெரியாது.
இருட்டில் அதுபாட்டுக்கு வெந்தது.

மண்டபத்தில் எல்லோரும் கறியைப் புகழ்ந்தார்கள்.
அண்ணன் மீசையைத் தடவிக்கொண்டார்.
கிழங்கு யார் வைத்தது?
யாரும் கேட்கவில்லை.
கோல்கீப்பர் பையன் மட்டும்
கவிழ்த்த தட்டை நிமிர்த்தி
அதிலேயே போட்டுக்கொண்டு மூன்றாம் முறை வந்தான்.

இன்றைக்கும்
கம்பளியில் பூண்டு வாசம்.
துவைக்கலாம். நாளைக்கு.