சான்றாவணம் ஏழு

மதுரைக் கீழமாசி வீதிப் புளி மண்டியின் பேரேடு,
முப்பத்தொன்றாம் வருடத்தது.
பாகப்பிரிவினை வழக்கில் ஏழாவது சான்றாவணம்.
முத்திரை குத்த நிமிர்த்தினேன்,
முதுகு பிளந்துவிட்டது.

துணிக்கும் பசைக்கும் நடுவே
விறைப்புக்கு வைத்த ஓலை நறுக்குகள்.
விரலகலம். ஒன்பது.
பைண்டர் மீராசா இதைப் படித்திருக்க மாட்டார்;
அட்டை வளையக் கூடாது,
அவருக்கு அது போதும்.
கத்தி மட்டும் கோணாமல் போயிருக்கிறது,
அடியைப் பாராமல், எழுத்தையும் பாராமல்.

எட்டைப் பூச்சி தின்றிருந்தது.
ஒன்பதாவதில்
மதிய இடைவேளை முழுக்க ஈரத்துணியால் ஒற்றி ஒற்றி
ஒரு சொல் மீட்டேன்:
பெறு.

அல்லது பேறு.
ஓலை எழுதியவருக்குக் குறிலுக்கும் நெடிலுக்கும் ஒரே கொம்பு.
வாங்கிக்கொள் என்கிறாரா,
பிள்ளை பிறந்தது என்கிறாரா?
அடுத்த எழுத்தைக் கேட்டால் தெரியும்.
அடுத்த எழுத்து
வேறெந்த மண்டிக் கணக்கின் முதுகிலோ
நிமிர்ந்து நிற்கிறது.

நாற்பத்தாறாம் பக்கம்:
சோணையம்மாள், கீரைத்துறை, பற்று,
கால் தூக்குப் புளி, மூன்றணா.
எதிரே வரவு வெற்றாக.
மசக்கைப் புளியோ என்று நினைப்பு ஓடியது.
இழுத்துப் பிடித்தேன்;
பதிவறை எழுத்தர் அனுமானிக்கக் கூடாது.

படிவத்தில் எழுதினேன்:
பக்கங்கள் இருநூற்றுப் பன்னிரண்டு, குறைவில்லை.
அதிகமாக ஒரு சொல் இருப்பதை எழுதக்
கட்டம் இல்லை.
புதுப் பசை தடவி
நறுக்கை அதே இடத்தில் செருகினேன்,
எழுத்து உள்பக்கம் பார்க்க.

மூன்று மணிக்கு எதிர்த்தரப்பு வக்கீல்
பேரேட்டை விரியத் திறந்து, உள்ளங்கையால் அழுத்தி,
அட்டையைப் பின்னுக்கு மடக்கிப் பார்த்தார்.
வளையவில்லை.