மூலை மடிப்பு

எங்கள் தொலைபேசி நள்ளிரவுக்கு மேல்தான் அடிக்கும்.
கடைசிக் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து
ஏப்ரனை அவிழ்த்த பிறகுதான்
ஓட்டல்காரர்களுக்குத் தங்கள் கஷ்டம் ஞாபகம் வரும்.

ட்ரூரோவில், ஒரு செருப்புக்கடைக்கு மேலே
இரண்டு நாற்காலியும் ஒரு கெட்டிலும் உள்ள அறை.
பதினாறு வருஷம் பாரில் நின்றவன் நான்.
முழங்கால் போயிற்று. காது மிச்சம்.

நவம்பர். சீசன் முடிந்து, ஃபால்மத்தில்
கடலோர ஓட்டல்கள் பாதி விளக்கை அணைக்கும் மாதம்.
லொவெனா ட்ரெகியர் என்று பெயர் சொன்னாள்.
"ரூம் சுத்தம் பண்ற வேலை. மூணாவது மாடி."
அதற்கு மேல் வரவில்லை.
"வேறு ஏதாவது வேண்டுமா?" என்று
நாளுக்கு நாற்பது முறை கேட்ட வாய்க்கு
"வேண்டும்" பழக்கமில்லை.

அவசரப்படுத்தவில்லை. அவள் பக்கம்
எதோ தகரத்தில் மழை விழுந்துகொண்டிருந்தது.

படிவத்தில் ஒரு கட்டம் உண்டு:
உங்கள் இக்கட்டைச் சுருக்கமாக விவரிக்கவும்.
அந்தக் கட்டத்தைப் போட்டவரை எனக்குத் தெரியும். நல்ல மனிதர்.
இக்கட்டில் இருந்ததில்லை.

"என்னைவிட மோசமா இருக்கறவங்க இருப்பாங்க,
அவங்களுக்குக் குடுங்க" என்றாள்.
எல்லோரும் சொல்வதுதான்.
அந்த மோசமாக இருப்பவர்களும்
இதையேதான் சொல்கிறார்கள்.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வந்தது.
கணவன் வேனை எடுத்துக்கொண்டு போய்விட்டான்,
வேனின் கடன் மட்டும் வாசலில் இறங்கி நின்றது.
வேலை வாரத்துக்குப் பதினொரு மணி நேரமாகச் சுருங்கியது.
செப்டம்பரில் கட்டில்களை விற்றாள்,
முதலில் தன்னுடையதை, அப்புறம் மகனுடையதை.
மெரின், ஒன்பது வயது,
சோபா மெத்தைகளைத் தரையில் சேர்த்துப் படுக்கிறான்.
தூக்கத்தில் அவை விலகும். இடுக்கில் விழுவான்.
"படகு மாதிரி இருக்கும்மா" என்றானாம்.

இதைச் சொல்லிச் சிரித்தாள்.
சிரிப்பை நிறுத்த முடியவில்லை.
பிறகு அது சிரிப்பாக இல்லை.

நாளுக்குப் பதினான்கு கட்டில் விரிப்பவள்.
அதை நான் படிவத்தில் எழுதவில்லை.
எழுதினால் அழகாகிவிடும்,
குழுவில் யாராவது தலையை ஆட்டுவார்கள்.
ஒற்றைக் கட்டில் ஒன்று, மெத்தை, தலையணை, விரிப்பு.
இரண்டு மாத வாடகை.
அவ்வளவுதான் எழுதினேன்.

பணம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டாள்.
மதுக்கடை மேசைகளில் வைத்த ஊறுகாய் ஜாடிகள்,
சமையல்காரர்கள் கழித்துக்கொடுக்கும் அரை நாள் கூலி,
வருஷத்துக்கு ஒரு பெரிய விருந்து, அதில் ஓர் ஏலம்.
"அந்த விருந்துல யார் பரிமாறுவாங்க?"
என்னிடம் பதில் இல்லை.

பத்து நாள் கழித்து, பன்னிரண்டரை மணி.
நன்றி சொல்லத்தான் என்று நினைத்தேன். புகார்.
"சுத்தி எலாஸ்டிக் வச்ச விரிப்பு!
மூலை மடிக்க ஒண்ணுமே இல்ல. யாரு வாங்கினது?"
நான்தான்.
"நினைச்சேன், பார்க்காரங்க" என்றாள்.
எலாஸ்டிக்கைப் பிரித்துவிட்டாளாம்.
நாற்பத்தைந்து டிகிரி, ஒரு சுருக்கம் கிடையாது,
நாணயத்தைப் போட்டால் துள்ளும்.
பையன் உள்ளே நுழையவே பயப்படுகிறான்.

"அப்புறம், பதினொரு பவுண்டு மிச்சம் இருக்கு.
எங்க திருப்பி அனுப்பணும்?"

தலையணைக்கு அடியில் வை என்றேன்.
விருந்தாளி போன அறையில்
அவள் கை முதலில் போகும் இடம் அதுதானே.
இந்தத் தடவை நன்றாகவே சிரித்தாள்.
"எந்தத் தலையணை? இருக்கறது ஒண்ணு.
அதுல அவன் தூங்கறான்."

மழை நின்றிருந்தது. கெட்டில் ஆறியிருந்தது.
கோப்பை இழுத்துப் பிரித்தேன்.
ஒற்றைக் கட்டில், ஒன்று. என் கையெழுத்துதான்.
முதலில் தன்னுடையதை என்று
அவள் சொன்னது என் காதில் விழத்தான் செய்தது.

பதினாறு வருஷம்
ஒவ்வொரு மேசையிலும் கேட்ட கேள்வியை
அன்று இரவுதான் அவளிடம் கேட்டேன்.