ஹெட்லைட் போட்டால் திரை இருண்டுவிடுகிறது

பகலில் ஒரு குறையும் இல்லை.
பாட்டு வருகிறது, வரைபடம் வருகிறது,
பின்னால் நிற்கும் நாயைக்கூடக் காட்டுகிறது.
மாலையில் விளக்குக் குமிழைத் திருகினால்
கண்ணை மூடிக்கொள்கிறது.

டிசம்பர் மாத உலான்பாதரில்
மாலை ஐந்தென்றாலே இரவு.
ஷிஜிர் டாக்ஸி ஓட்டுவதோ இரவில்.

பத்து ஆம்பியர் ஃபியூஸ் நான்கு
தா ஹூரே சந்தையில் வாங்கினேன். இரண்டு போயிற்று.
டாஷ்போர்டைப் பிரித்தபோது
குளிரில் பிஸ்கட்டாகியிருந்த கிளிப்புகள்
மூன்று ஒடிந்தன.
ஒரு திருகாணி உள்ளே விழுந்து
இரண்டு முறை சத்தமிட்டுவிட்டு
எங்கேயோ குடியேறிவிட்டது.

மைனஸ் இருபத்தாறு.
மல்டிமீட்டரின் எண்கள்
தூக்கத்தில் நடப்பவை போல் மாறுகின்றன.
பன்னிரண்டு என்று அது சொல்லி முடிப்பதற்குள்
என் விரல்கள் வேறு யாருடையவோ.
ஷிஜிர் டார்ச்சைப் பல்லில் கடித்தபடி
ஏதோ யோசனை சொல்கிறான்.
எடுத்துவிட்டுச் சொல் என்றால்
இருட்டில் அதே யோசனை:
"கடைக்காரனிடமே போய்விடலாமா?"

காஷ்மீர் ஆலையில் பின்னல் மிஷின்களுக்கு
வைத்தியம் பார்ப்பவள் நான்.
கடைக்காரனிடம் போவதாவது.

தப்பு என்னுடையதுதான், கண்டுபிடித்துவிட்டேன்.
திரையின் கறுப்பு ஒயரை
வண்டியின் வெள்ளையில் பச்சைக் கோடு போட்ட ஒயரோடு
முறுக்கி டேப் சுற்றியிருக்கிறேன்.
எர்த் என்று மீட்டர் சொன்னது. பகலில் சொன்னது.
விளக்கைப் போட்டதும் அந்த ஒயர்
வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் வேலைக்குப் போய்விடுகிறது.
இரண்டு வீட்டில் சாப்பிடும் ஒயர் அது.

சரி, உண்மையான எர்த் எங்கே?
ஒரு போல்ட்டைச் சுரண்டினால் பெயின்ட்.
இன்னொன்றைச் சுரண்டினால் துரு,
துருவுக்குக் கீழே இன்னும் துரு.
ஜப்பானின் ஏதோ கடற்கரையில்
பத்து வருஷம் உப்புக்காற்று குடித்த வண்டி.

அப்போதுதான் அவள் பேசினாள்.
பவர் பட்டனை அழுத்தும்போதெல்லாம் பேசுபவள்.
பழைய ரேடியோவுக்குள் இருக்கிறாள் என்று
ஆறு வருஷமாக நினைத்திருந்தோம்.
ரேடியோ பின் சீட்டில்
போர்வைக்குள் கிடக்கிறது.
அவளோ அதே ஜப்பானிய மொழியில்,
அதே மரியாதையோடு.

பேட்டரி கேபிள் கேட்டு வந்த நொமுன்
சப்போரோவில் இரண்டு வருஷம் படித்தவள்.
"என்ன சொல்கிறாள்?"
"சுங்கச்சாவடி கார்டு செருகப்படவில்லையாம்."

ஷிஜிர் டார்ச்சை வாயிலிருந்து எடுத்தான்.
"நல்லபடியாகப் போய் வா
என்று சொல்வதாக நினைத்திருந்தேன்."
அவன் அதற்குத் தினமும்
சரி என்று பதில் சொல்வதை
நான் கேட்டிருக்கிறேன்.
நொமுனிடம் அதைச் சொல்லவில்லை.

குரல் வந்த பக்கம் கையைவிட்டுத் துழாவினேன்.
கையுறைப் பெட்டிக்குப் பின்னால்
சோப்பு டப்பா அளவில் சாம்பல் நிறப் பெட்டி.
அதிலிருந்து ஒரு ஒயர் கீழே இறங்கி
ஒரு போல்ட்டில் முடிகிறது.
டார்ச் அடித்தால்
நேற்று வார்த்த மாதிரிப் பளபளக்கிறது உலோகம்.
துரு இல்லை. பெயின்ட் இல்லை.
இல்லாத சாவடிக்குக் கார்டு கேட்டுக்கொண்டு
இத்தனை காலமும் இவள்
வண்டியின் ஒரே நல்ல எர்த்தில் உட்கார்ந்திருக்கிறாள்!

பத்தாம் நம்பர் ஸ்பேனர்.
கறுப்பு ஒயருக்கு ஒரு வளைய முனை.
அவள் ஒயருக்கு மேலே எங்கள் ஒயரை வைத்து
இறுக்கினேன்.

விளக்கைப் போட்டேன். திரை இருந்தது.
அணைத்தேன், போட்டேன். இருந்தது.
நொமுன் கை தட்டினாள்,
கையுறை போட்டிருந்ததால் சத்தம் வரவில்லை.

"பெட்டியைக் கழற்றி வீசிவிடவா?
எப்படியும் நமக்கு உதவாது."

ஷிஜிர் ஒடிந்த கிளிப்புகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தான்.
"வேண்டாம். எடுத்தால் எர்த் லூசாகிவிடும்."

அப்படியெல்லாம் ஆகாது.
இன்னொரு சுற்று இறுக்கினால் போதும்.
நான் டாஷ்போர்டின் மூடியை
எடுத்துப் பொருத்த ஆரம்பித்தேன்.
இடது பக்கம் திரும்பும்போது
அந்தத் திருகாணி இன்னும் உருளுகிறது.